நான் என்று சொன்னவள்

"அந்தப் பிள்ளை மனசறிஞ்சுதான் சொல்லியிருப்பாளா, இல்ல எல்லாரும் மூஞ்சியப் பாக்காகளேன்னு சொல்லிட்டாளா? நீ என்னட்டி நெனைக்க?"

சௌந்தரபாண்டியன் இதைக் கேட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. அன்றைக்கு நாச்சியார் புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு அவனுடைய வீங்கிய பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அந்தப் பாதங்களின் பெருவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் கட்டியிருந்தார்கள். அவனைக் குளிப்பாட்ட அவள் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஏத்தா, குடம் ரொம்பி வழியுது பாரு."

யாரோ சொன்ன பிறகுதான் குழாயை மூடினாள். குடத்தை இடுப்பில் ஏற்றியபோது பாவாடை முழுவதும் நனைந்திருந்தது.

செல்லத்தாய் அத்தைக்கு அவன் ஒரே பிள்ளை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் நெஞ்சுக்குள் இறங்கி வால்வைக் கெடுத்துவிட்டது என்று மதுரை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ராஜபாளையத்தில் ஒரு மில்லில், டைம் ஆபீசில் வேலை பார்த்தான். படி ஏற முடியாமல் போனதும் வேலையிலிருந்து நின்றுகொண்டான். படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே தூங்குவான். போலீஸ்காரராக இருந்து செத்துப்போன மாமாவின் பென்ஷனில் வீடு ஓடியது. பெண் பார்க்கும் பேச்சை அவன் எடுக்கவே விட்டதில்லை.

நாச்சியாரின் வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில், மடவார் வளாகத்தில். அப்பா பேச்சிமுத்துவுக்கு சைக்கிள் கடை. அவள் எட்டாவது படிக்கையில் அம்மா போய்ச் சேர்ந்தாள். சோறு பொங்க ஆளில்லாமல் பள்ளிக்கூடம் நின்றது. அந்த வருஷம் முழுக்க செல்லத்தாய் அத்தைதான் முதல் பஸ்ஸில் வந்து கடைசி பஸ்ஸில் போனாள். பேன் பார்த்தது, சமைக்கக் கற்றுக்கொடுத்தது, வயசுக்கு வந்தபோது தலைக்குத் தண்ணீர் ஊற்றியது எல்லாம் அத்தை. அதனால், "பிள்ளையப் பாத்துக்க ஒத்தையில ஏலல, தம்பி" என்று அத்தை சொல்லி அனுப்பியதும் அப்பா அவளுடைய துணிகளை ஒரு பையில் போட்டு ராஜபாளையம் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவள் தலையைத்தான் ஆட்டியிருப்பாள்.

ஆள் முன்னால் அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடையில் உப்பு கேட்பதற்குக்கூட வீட்டிலிருந்தே சொல்லிப் பார்த்துக்கொண்டு போவாள். ஆனால் அச்சடித்ததை வாசிக்கச் சொன்னால் குரல் தடங்கலில்லாமல் வரும். அது சௌந்தரபாண்டியன் ஒருவனுக்குத்தான் தெரியும். புத்தகத்தைத் தூக்கிப் பிடித்தால் அவனுக்குக் கை நடுங்கியது. அதனால் அவள் வாசித்தாள்.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் வேன் நிறுத்தி, தமிழில் வந்த ரஷ்யப் புத்தகங்களை மலிவாக விற்பார்கள். அப்படி வாங்கியது அந்தத் தடித்த சரித்திரப் புத்தகம். அதன் முன்பகுதியில், ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ரஷ்யப் பக்கம் போன முஸ்லிம் யாத்திரிகர்கள் எழுதி வைத்தவை இருந்தன. பாக்தாத்துக் கலீபாவின் தூதுக் கூட்டத்தோடு வடக்கே போன ஒருவர், வோல்கா ஆற்றங்கரையில் ருஸ் என்கிற வியாபாரக் கூட்டத்தைப் பார்த்திருக்கிறார். பேரீச்சை மரம் மாதிரி உயரம், சிவந்த மேனி, விரல்நுனி தொடங்கிக் கழுத்து வரை பச்சை குத்தல். அவ்வளவு லட்சணமான உடம்பை அவர் வேறெங்கும் பார்த்ததில்லையாம். அவ்வளவு அழுக்கையும் பார்த்ததில்லையாம்.

காலையில் வேலைக்காரப் பெண் ஒரு தொட்டித் தண்ணீர் கொண்டுவருவாள். எஜமான் அதில் முகம் கழுவி, தலை அலசி, மூக்கைச் சிந்தித் துப்புவான். பிறகு தொட்டி அடுத்த ஆளுக்குப் போகும். அவனும் அப்படியே. பிறகு அதற்கடுத்த ஆள்.

"நிறுத்துட்டி, குடிச்ச காப்பி வெளிய வந்துரும்போல இருக்கு," என்றான் சௌந்தரபாண்டியன். "மாமா கடையில பஞ்சர் பாக்க ஒரு தொட்டி வச்சிருப்பாகள்ல, அதுல மூஞ்சி கழுவுன மாதிரி."

ருஸ் வியாபாரிகள் கரையில் நட்ட மரக்கம்பத்தின் முன்னால் விழுந்து, கை நிறையக் காசுள்ள, பேரம் பேசாத ஆளாகப் பார்த்து அனுப்பு என்று வேண்டிக்கொள்வார்களாம்.

"அட, நம்ம பஞ்சுப்பேட்டை யாவாரிகதான்டி இவுங்க!"

சிரித்தால் அவனுக்கு இருமல் வரும். அவள் முதுகைத் தடவிவிட்டு, இருமல் அடங்கும்வரை காத்திருந்து, மறுபடியும் வாசிப்பாள். ஒருநாள் நோயாளிகளைப் பற்றி வந்தது. ருஸ் கூட்டத்தில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால், தள்ளி ஒரு கூடாரம் போட்டு, ரொட்டியும் தண்ணீரும் வைத்துவிட்டு வந்துவிடுவார்கள். கிட்டப் போகமாட்டார்கள். பேசமாட்டார்கள். பிழைத்தால் அவனாக எழுந்து வருவான்.

சௌந்தரபாண்டியனுக்குக் கால் வீங்கத் தொடங்கியதிலிருந்து சொந்தக்காரர்கள் அந்த வீட்டுக்கு வருவது குறைந்துகொண்டே வந்தது. ஒட்டுகிற நோய் இல்லை. "பாத்தா மனசு கேக்க மாட்டேங்கு" என்று சொல்லி வராமல் இருந்தார்கள்.

"ரொட்டிக்குப் பதிலு நமக்கு ரஸ்க்கு," என்றான் அவன்.

வேறொரு யாத்திரிகர் இன்னொன்று எழுதியிருந்தார். கல்யாணம் ஆகாமல் செத்தவனுக்கு, செத்த பிறகு அவர்கள் கல்யாணம் செய்துவைப்பார்கள். அதைக் கேட்டுத்தான் அவன் மூச்சுத் திணறும் அளவுக்குச் சிரித்தான். இவர்கள் வகையறாவிலும் அது உண்டு. கல்யாணம் ஆகாத இளவட்டம் செத்தால், முறைப்பெண் ஒருத்தி வாழைக்கன்றை மடியில் வைத்துக்கொண்டு பிணத்தின் பக்கத்தில் உட்காருவாள். பிணத்தின் கையைப் பிடித்துக் கன்றுக்குத் தாலி கட்டுவார்கள். பிறகு கன்றை வெட்டிவிட்டுத்தான் பாடை தூக்குவது. தாலி கன்றுக்குத்தான், பிள்ளைக்கு இல்லை என்று எல்லாரும் சொல்வார்கள். கருத்தம்மா சித்திக்கும் அப்படித்தான் சொன்னார்கள். அவள் பதினேழு வயதில் கன்றை மடியில் வைத்தவள். இப்போது நாற்பதை நெருங்குகிறாள். பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

அதற்கு மறுநாள்தான் அந்தப் பிள்ளையின் கதை வந்தது. ருஸ் தலைவன் ஒருவன் செத்துப்போகிறான். அவனுடைய அடிமைப் பெண்களை வரிசையாக நிறுத்தி, இவரோடு சாகப் போவது யார் என்று கேட்கிறார்கள். ஒருத்தி நான் என்கிறாள். சொன்னால் சொன்னதுதான், திரும்ப வாங்க முடியாது. அவளைக் கண்காணிக்க இரண்டு பெண்களைப் போடுகிறார்கள். அவள் போகுமிடமெல்லாம் கூடவே போய், கால்கூடக் கழுவிவிடுகிறார்கள். அவளோ தினமும் குடித்துப் பாடிக்கொண்டிருக்கிறாள். கடைசி நாளில், பிணத்தோடு எரிக்கப்போகிற கப்பலில் அவனுக்குப் பக்கத்தில் அவளைக் கிடத்திக் கொல்லும்போது, ஆண்கள் வெளியே நின்று கேடயங்களைத் தடியால் அடிக்கிறார்கள். அவள் கத்துவது மற்றப் பெண்களுக்குக் கேட்கக் கூடாது. கேட்டால் அடுத்த முறை ஒருத்தியும் சம்மதிக்கமாட்டாள்.

அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். பிறகு தலையணையிலிருந்து முதுகை எடுத்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

"நாளைக்கு எனக்கும் நடக்கும். அம்மா உன்னையத்தான் கூப்பிடுவா."

"அப்பிடியெல்லாம் பேசாதீக அத்தான்."

"பேசாட்டி நடக்காமப் போயிருமா? தேவதானத்துல உன்னையக் கேட்டிருக்காக. அந்தப் பையன் தை மாசம் லீவுல வாரான். நீ வாழைக்கன்னைத் தூக்கிட்டு எம் பக்கத்துல உக்காந்தேன்னா அதோட முடிஞ்சு போச்சு. அம்மாகிட்டச் சொல்லிப் பாத்தேன். என் வாயைப் பொத்திட்டு அழுதா. அவகிட்டப் பேச முடியாது. நீதான் சொல்லணும். மாட்டேன்னு சொல்லு."

அவள் தலையை ஆட்டினாள்.

"தலைய ஆட்டுறதெல்லாம் செல்லாது. வாயால. இப்பச் சொல்லு பாப்போம்."

"மாட்டேன்."

"எறும்புக்குக்கூடக் கேக்காது. தெருவுக்குக் கேக்கணும்."

"மாட்டேன்."

"இன்னும்."

"மாட்டேன்!"

அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. "என்னத்தட்டி மாட்டேங்க? மாத்திரை கேட்டான்னா எடுத்துக் குடேன்!"

அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். அவளும் சிரித்தாள். பிறகு அந்தப் பேச்சை இரண்டு பேரும் எடுக்கவில்லை.

இன்றைக்கு விடியும்போது வெந்நீர் கொடுக்கப் போனாள். முதல் ஷிப்ட்டுக்கு மில் சங்கு ஊதிக்கொண்டிருந்தது. மூச்சு இழுத்துக்கொள்ளும்போதெல்லாம் செய்வதுபோல, அவன் அவள் தோளைப் பிடித்து அதில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டான். அவள் முதுகைத் தடவினாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காகக் காத்திருந்தாள். சங்கு நின்றது. தெருவில் வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணிகள் கேட்டன. அவள் தடவிக்கொண்டே இருந்தாள். அத்தை வந்து, "தூங்கிட்டானா?" என்று கேட்டபோதும் கையை எடுக்கவில்லை.

குடத்தை இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது வாசலில் அப்பா நின்றார். செய்தி கேட்டதும் கடையைச் சாத்திவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அப்படியே வந்திருந்தார். நகக்கண்ணில் கிரீஸ் கறுப்பாக இருந்தது. செல்லத்தாய் அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள்.

"தம்பி, உன் மருமகன் எந்திரிக்க மாட்டேங்கான்டா! ராத்திரிகூட மாமா வருவாகளான்னு கேட்டாம்ப்பா!"

பேச்சிமுத்து அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவருக்கும் பேச வராது. நாச்சியாருக்கு அந்த வாய் அவரிடமிருந்து வந்ததுதான்.

பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா ஒரு போகணி நிறையக் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, "எந்த மஞ்சி பில்லகாடு" என்று, எவ்வளவு நல்ல பிள்ளை என்பதைத் தெலுங்கில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அந்தக் காப்பியை ஊற்றிக்கொடுத்தது தேவதானத்து மாரியாத்தாள். அப்பாவுக்குத் தங்கை முறை. நாச்சியாரைத் தன் மகனுக்குக் கேட்டிருப்பவள் அவள்தான். காரியமாக எதுவும் நடக்கவில்லை, வாய்ப்பேச்சுதான். மகன் பட்டாளத்தில் இருந்தான். இப்போது அமைதிப்படையோடு சிலோனுக்கு அனுப்பியிருந்தார்கள். தபால்காரனைக் கண்டாலே மாரியாத்தாள் வீட்டுக்குள் ஓடிப்போவாள் என்று ஊரில் கேலி செய்வார்கள்.

"ஏட்டி, காலையில இருந்து பச்சத்தண்ணி பல்லுல படல போல. இந்தா குடி." டம்ளரை நாச்சியாரின் கையில் வைத்து விரல்களை மூடினாள். "பாவாடையெல்லாம் ஈரம். மாத்து. நீயும் படுத்துக்கிட்டயின்னா யாரு பாக்கது? நல்லாத்தான் பாத்த அவனை. ஊரே சொல்லுது. அந்த மனசைத்தான் நான் பாத்தேன். நெறத்தைப் பாத்தேன்னு நெனச்சுக்கிறாத, எம்மகனே அடுப்புக்கரி."

அந்த இடத்திலும் நாச்சியாருக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் வெட்கமாக இருந்தது. காப்பியைக் குடித்தாள். சூடு நெஞ்சுக்குள் இறங்கியது.

கொட்டுக்காரர்கள் வந்துசேர்ந்து, தெருவோரம் பழைய தாளைக் கொளுத்திக் கொட்டுக்குச் சூடு காட்டிக்கொண்டிருந்தார்கள். லேசாகத் தூறல் விழுந்தது. பந்தலுக்குள் நாற்காலிகளில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். செத்துப்போன மாமாவின் அண்ணன் ஆண்டிச்சாமி, துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பேச்சைத் தொடங்கினார்.

"தோட்டத்துக்கு ஆளு போயிருக்கு. கன்னு வந்துரும். முறைக்காரி யாரு?"

எல்லாரும் பேச்சிமுத்துவைப் பார்த்தார்கள்.

"மாப்ள, உம்மகதான முறை? வேற யாரு இருக்கா?"

பேச்சிமுத்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கமிருந்து மாரியாத்தாள் அவரிடம் சொன்னாள், "அண்ணே, இந்தக் காலத்துலயும் அது வேணுமா? சின்னப்பிள்ளையப் போயி…"

ஆண்டிச்சாமி திரும்பினார். கோபமில்லாமல்தான் கேட்டார். "ஏன் தாயி, நீ வெத்தலை பாக்கு மாத்திட்டியா?"

"இல்ல. பேச்சுத்தான்."

"பேச்சுத்தானே. அப்ப இது எங்க வீட்டுக் காரியம். பிள்ளைய ஒத்தையில அனுப்பச் சொல்லுதியா?"

மாரியாத்தாள் சுவரோரமாக நகர்ந்துகொண்டாள்.

"சும்மா சடங்குதான்," என்றார் ஆண்டிச்சாமி, பொதுவாக. "கன்னுக்குத்தான் தாலி. பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல."

செல்லத்தாய் மகனின் தலைமாட்டிலிருந்து எழுந்து தம்பியிடம் வந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. அழுது அழுது தொண்டை கட்டியிருந்தது. "தம்பி, ஒத்தையாப் போனா அவன் செத்தவுக கூட்டத்துல சேர மாட்டாம்ப்பா. அவுகப்பா கிட்டப் போக விடமாட்டாங்க. இந்த வாசல்லயே நிப்பான். நான் உள்ள சோறு திம்பேன், எம்பிள்ளை வாசல்ல நிப்பான். என்ன செய்ய, சொல்லு. நீ வேண்டாம்னா வேண்டாம்."

அக்கா வந்துபோன அந்த வருஷத்துப் பஸ் பயணங்களெல்லாம் பேச்சிமுத்துவின் மனசில் ஓடியிருக்க வேண்டும்.

"நீ சொன்னா சரிதான்க்கா," என்றார்.

அவர் மகள் பக்கம் திரும்பவில்லை.

நாச்சியாரைத் தலைசீவிவிட அடுத்த அறைக்குக் கூட்டிப்போனது கருத்தம்மா சித்தி. வெளிறிய சேலை. நெற்றியில் கடுகளவு சாந்து. பெரிதாக வைக்கவும் முடியாது, வைக்காமல் இருக்கவும் முடியாது என்பதுபோல ஒரு பொட்டு. சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் அவள் விடிவதற்கு முன்னாலேயே வந்துவிடுவாள். அடுப்படியோடு நின்றுகொள்வாள். முகூர்த்த நேரத்தில் மட்டும் எங்கே இருப்பாள் என்று யாருக்கும் தெரியாது.

அவள் நாச்சியாரை உட்காரவைத்து, சிக்கெடுத்து, எண்ணெய் தடவினாள். ஈரப் பாவாடையை அவிழ்க்கச் சொல்லி அத்தையின் பழைய பட்டைக் கட்டிவிட்டாள். தரையில் உட்கார்ந்து, செம்பிலிருந்து நீர் ஊற்றி, பாதங்களில் ஒட்டியிருந்த தெருச் சேற்றைக் கழுவினாள்.

"சித்தி, நீங்க எதுக்கு. நான் கழுவிக்கிடுதேன்."

"இருக்கட்டும். சேறோட உக்காரக் கூடாது."

நாச்சியார் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். சித்தியின் பிடி லேசாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை.

"சித்தி, உங்களையக் கேட்டப்ப, நீங்க சரின்னு சொன்னீகளா?"

கருத்தம்மாவின் கை நின்றது. யோசித்தாள். உண்மையாகவே ஞாபகத்துக்குள் தேடுகிற முகம்.

"கேட்டாங்க. எல்லாரும் சுத்தி நின்னு கேட்டாங்க, அது நல்லா ஞாபகமிருக்கு. அன்னைக்குக் கட்டியிருந்த சேலை ஞாபகமிருக்கு. நான் என்ன சொன்னேன்னுதான் ஞாபகம் வர மாட்டேங்குட்டி."

கால்களைத் துணியால் ஒற்றிவிட்டு எழுந்தாள். செம்பை எடுத்துக்கொண்டு கதவோரமாகப் போய் நின்றாள்.

வெளியே கன்று வந்துவிட்டது. முழங்கால் உயரம் இருக்கும். வேரில் ஈரமண். சுருண்ட குருத்து இளம்பச்சையாக நீட்டிக்கொண்டிருந்தது. யாரோ அதற்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார்கள். சௌந்தரபாண்டியனைக் குளிப்பாட்டி, பட்டு வேட்டி கட்டி, நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். தலை விழாமலிருக்க நாடியைச் சுற்றி ஒரு துணி. அவனுக்குப் பக்கத்தில் ஒரு மணைப்பலகை. நாச்சியாரை அதன் அருகே கூட்டிவந்து நிறுத்தினார்கள்.

கேட்டுத்தான் உட்காரவைக்க வேண்டும் என்பது முறை. கேட்காமல் வைத்தால் செத்தவனுக்குப் போய்ச் சேராது. ஆண்டிச்சாமி கொட்டுக்காரர்களை நிறுத்தச் சொன்னார். பந்தல் அமைதியானது. தகரத்தில் தூறல் விழும் சத்தம் கேட்டது.

"தாயி நாச்சியாரு. இந்தப் பிள்ளைக்கு நீதான் முறை. அவனுக்கு ஒரு துணையக் கூட்டிவிடணும். கன்னை மடியில வச்சு உக்கார உனக்குச் சம்மதமா?"

பெண்கள் எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். ஆண்கள் எல்லாரும் பார்த்தார்கள். அப்பா மட்டும் பார்க்கவில்லை. மாரியாத்தாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. நாச்சியார் சௌந்தரபாண்டியனின் மூடிய கண்களைப் பார்த்தாள். எதிரே ஒரு பக்கம் அச்சடித்து இருப்பதாக நினைத்துக்கொண்டாள். அதில் ஒரே ஒரு வார்த்தை. அதை வாசித்தாள்.

"மாட்டேன்."

தெருவுக்கே கேட்டது. கொட்டுக்காரர்களில் ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவளுடைய குரலை அங்கிருந்த பாதிப் பேர் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் கேட்டார்கள்.

பேச்சிமுத்து தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார். அவர் உதடுகள் பிரிந்தன. என்னவோ சொல்லப்போகிறார் என்று நாச்சியார் நினைத்தாள். அவர் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் பிரிந்தபடியே இருந்தன.

"பிள்ளை பயப்படுது," என்றார் ஆண்டிச்சாமி, கனிவாக. "பொணத்துப் பக்கத்துல உக்காரணும்னா யாருக்குத்தான் பயமிருக்காது? கூடப்பெறந்த மாதிரிப் பாத்துக்கிட்டவ. ஏத்தா கருத்தம்மா, கொஞ்சம் அவளைப் புடிச்சுக்கோ." பிறகு கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார். "என்னப்பா சும்மா நிக்கீக? அடிங்க."

கொட்டு எழுந்தது. பந்தல் முழுவதும் அதிர்ந்தது. அந்தச் சத்தத்தில் அவள் இன்னொரு முறை சொன்னாள். தன் குரல் தனக்கே கேட்கவில்லை. கேடயங்கள், என்று நினைத்தாள். பெண்கள் கூட்டத்தில் பாவாடை சட்டையோடு இரண்டு மூன்று சிறுமிகள் நின்றிருந்தார்கள். வாயைப் பிளந்துகொண்டு கொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

செல்லத்தாய் அத்தை அவளிடம் வந்தாள். ஒன்றும் கேட்கவில்லை, வற்புறுத்தவில்லை. கொட்டுச் சத்தத்தில் எதுவும் கேட்டிருக்கவும் செய்யாது. அப்படியே மடங்கி உட்கார்ந்து நாச்சியாரின் இரண்டு பாதங்களையும் கட்டிக்கொண்டாள். நரைத்த தலை அவள் கணுக்காலில் இடித்தது. தலைக்குத் தண்ணீர் ஊற்றிய கைகள். அத்தையின் உடம்பு குலுங்கியதில் நாச்சியாரின் உடம்பும் குலுங்கியது. காலை எடுக்க முடியவில்லை. குனிந்து அத்தையைத் தூக்கப் பார்த்தாள். தூக்க முடியவில்லை. தானும் உட்கார்ந்தாள்.

அவள் உட்கார்ந்த இடத்தில் பலகை இருந்தது.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. மடியில் கனமாக, குளிர்ச்சியாக எதுவோ வந்து அமர்ந்தது. வேரின் மண் பட்டில் ஒட்டியது. ஆண்டிச்சாமி சௌந்தரபாண்டியனின் வலது கையைத் தூக்கினார். அது மடங்காமல் கட்டைபோல வந்தது. மஞ்சள் கயிற்றை அந்த விரல்களுக்கிடையில் செருகி, கன்றின் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். விரல்கள் ஒருமுறை அவள் முழங்கையில் உரசின. விடியற்காலையில் அவள் தோளைப் பிடித்திருந்த விரல்கள்தான். யாரோ குலவையிட்டார்கள். அது நடுவில் அழுகையாக மாறியது. ஆண்டிச்சாமி அரிவாளை வாங்கி, கன்றின் தலையைப் பிடித்து, அவள் மடியிலேயே வைத்து ஒரே வெட்டாக வெட்டினார். பட்டு முழுவதும் வாழைச்சாறு தெறித்தது. குருத்துப் பகுதி பந்தலுக்கு வெளியே போய் விழுந்தது.

"அவ்வளவுதான் தாயி. முடிஞ்சது. எந்திரி."

அவள் எழுந்திருக்கவில்லை. ஆண்கள் சௌந்தரபாண்டியனைத் தூக்கினார்கள். செல்லத்தாய் பின்னாலேயே ஓடினாள். பேச்சிமுத்து மருமகனின் கால்மாட்டைத் தூக்கிக்கொண்டார். தூக்கும்போதும் மகள் பக்கம் திரும்பவில்லை. கொட்டுச் சத்தம் தெருமுனை திரும்பியது. வளைவில் மங்கி, பிறகு மில் பக்கமாகப் போய்விட்டது. பந்தலில் நாற்காலிகளும், நனைந்த பூக்களும், சில பெண்களும் மிஞ்சினார்கள்.

மாரியாத்தாள் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நாச்சியாரின் மடியில் கிடந்த அடித்தண்டையும், அதில் தொங்கிய மஞ்சள் கயிற்றையும் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்தாள். மாரியாத்தாளின் கண்களில் தண்ணீர் நிறைந்திருந்தது. கிட்டே வந்து தலையில் கை வைக்கப்போகிறவள்போல ஓரடி எடுத்து வைத்தாள். கை பாதிவரை வந்தது. அங்கேயே நின்று, திரும்பித் தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

மாரியாத்தாள் காலி டம்ளர்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிச் சுவரோரம் வைத்தாள். முற்றத்து மூலையில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினாள். ஒன்று கிடைத்தது. இன்னொன்று குவியலுக்கு அடியில் இருந்தது. குனிந்து, வாரைப் பிடித்து உருவி எடுத்து, சேற்றை உதறினாள். தலைப்பை இழுத்துத் தலைக்கு முக்காடு போட்டுக்கொண்டு, தேவதானம் பஸ் நிற்கும் பக்கமாகத் தூறலுக்குள் இறங்கி நடந்தாள்.